பதின்மூன்றும் ஒன்றும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். உங்கள் கட்டுரைகளை ஆறு ஆண்டுகளாக வாசித்து வருகிறேன். கடிதம் எழுதுவது இதுவே முதல் முறை.

எங்கள் சபையின் வாலிபர் கூட்டத்தில் சென்ற மாதம் புதிய ஏற்பாட்டில் உள்ள எபிரெயருக்கு எழுதின நிருபத்தைத் தொடராகப் படிக்கத் தொடங்கினோம். முதல் நாளே நான், "இதைப் பவுல் எழுதவில்லை என்று இன்றைய அறிஞர்கள் அனைவரும் சொல்கிறார்கள்" என்றேன். கூட்டத்தை நடத்திய மூத்தவர் கோபப்பட்டு, "வேதத்தில் கைவைக்காதே" என்று எல்லோர் முன்பும் என்னைக் கடிந்துகொண்டார். அதன் பிறகு இதைக் குறித்துப் பல மணிநேரக் காணொளிகளைப் பார்த்துவிட்டேன். ஒருவர் பவுலின் தோழர் பர்னபா என்கிறார். ஒருவர் அப்பொல்லோ என்கிறார். பிரிஸ்கில்லாள் என்ற பெண் எழுதியதை ஆண்கள் மறைத்துவிட்டார்கள் என்று இன்னொருவர் சொல்கிறார். மூலம் எபிரெய மொழியில் இருந்தது என்பாரும் உண்டு. பவுல் எழுதாத ஒன்று பவுலின் பெயரில் வேதத்துக்குள் வந்திருந்தால் அது போலிதானே? போலியை நான் ஏன் வேதவாக்கியமாக வாசிக்க வேண்டும்? அந்தக் கூட்டத்துக்கு நான் திரும்பிப் போகலாமா, வேண்டாமா?

அன்புடன்,
உங்கள் வாசகன்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதம் வந்த நாளில் என் தாத்தாவின் நோட்டுப்புத்தகம் ஒன்று மேசையில் திறந்து கிடந்தது. அது அங்கே கிடந்திராவிட்டால், மன்னியுங்கள், உங்களுக்கு நான் பதில் எழுதியிருக்க மாட்டேன். பெயர்களை வரிசையாக அடுக்கி 'இவரா, அவரா' என்று கேட்கும் கடிதங்கள் எனக்கு அலுத்துப்போய்விட்டன. நோட்டுப்புத்தகத்தைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதலில் திட்டிவிடுகிறேன். பல மணிநேரக் காணொளிகளைப் பார்த்ததாக எழுதுகிறீர்கள். நிருபத்தை வாசித்ததாக ஓரிடத்திலும் எழுதவில்லை. 13 அதிகாரங்கள், 303 வசனங்கள். நிதானமாகச் சத்தம்போட்டு வாசித்தாலும் ஒரு மணிநேரத்துக்குள் முடிந்துவிடும். உங்கள் கடிதத்தில் அதிலிருந்து ஒரு வசனம்கூட இல்லை. 'இன்றைய அறிஞர்கள் அனைவரும்' என்ற கும்பலை அழைத்துக்கொண்டுபோய் அந்த மூத்தவரின் எதிரே நிறுத்தினீர்கள். அவர் தம் பங்குக்கு 'வேதம்' என்ற சொல்லை எடுத்து உங்கள்மேல் வீசினார். இருவரில் ஒருவரும் பக்கத்தைத் திருப்பவில்லை. பொது இடத்தில் கடிந்துகொள்ளப்படுவது எவ்வளவு வலிக்கும் என்பது எனக்குத் தெரியும், அதற்காக வருந்துகிறேன். ஆனால் அந்த அறையில் நீங்கள் இருவரும் ஒரே காரியத்தைத்தான் செய்தீர்கள்.

போலி என்ற சொல்லை முதலில் கீழே வையுங்கள். ஒருவன் தான் எழுதியதன்மேல் இன்னொருவன் பெயரைப் போட்டால் அது போலி. பவுலின் பெயரில் உள்ள 13 நிருபங்களும் கிரேக்கத்தில் 'பவுல்' என்ற சொல்லிலேயே தொடங்குகின்றன. பெயர், பெறுநர், வாழ்த்து என்ற அக்காலக் கடித மரபு அவற்றில் பிசகாமல் வருகிறது. இந்த நிருபத்திலோ அனுப்புநர் பெயரும் இல்லை, பெறுநர் பெயரும் இல்லை, தொடக்க வாழ்த்தும் இல்லை. ஒரு பிரசங்கத்தைப்போல நடுவானத்தில் தொடங்கி, கடைசி அதிகாரத்தில் தீமோத்தேயு விடுதலையான செய்தியையும் இத்தாலியா தேசத்தாரின் வாழ்த்தையும் சொல்லி, கடிதமாக முடிகிறது. 'எபிரெயருக்கு' என்பதுகூட ஆக்கியோன் இட்ட தலைப்பு அல்ல, பிறர் சேர்த்தது. தன் பெயரையே சொல்லாதவன் பொய்ப்பெயர் எப்படிச் சொல்லியிருக்க முடியும்? அந்தக் காலத்தில் பிறர் பெயரில் எழுதுவது சாதாரணம், யாரும் தவறாக நினைக்கவில்லை என்று உங்கள் காணொளிக்காரர்கள் சொல்லியிருப்பார்கள். அதையும் நம்பாதீர்கள். பவுலைப் பற்றிய கதைநூல் ஒன்றைப் புனைந்த ஆசியாவின் மூப்பர் ஒருவர், பவுலின்மேல் உள்ள அன்பினால்தான் அப்படிச் செய்தேன் என்று ஒப்புக்கொண்ட பிறகும் பதவியை இழந்தார் என்று ஆதிச்சபையின் எழுத்தாளர் தெர்த்துல்லியன் எழுதுகிறார். பெயரைக் குறித்து அவர்கள் நம்மைவிடக் கறாரானவர்கள்.

மூலம் எபிரெய மொழியில் இருந்தது என்பதை முதலில் சொன்னவர்களில் அலெக்சந்திரியாவின் கிலெமெந்து ஒருவர். பவுல் எபிரெயத்தில் எழுதியதை லூக்கா கிரேக்கத்தில் பெயர்த்தார் என்பது அவர் கருத்து. இதைச் சோதிக்கக் கிரேக்கம் தேவையில்லை, உங்கள் தமிழ் வேதாகமமே போதும். நாற்பதாம் சங்கீதத்தைத் திறந்தால் 'என் செவிகளைத் திறந்தீர்' என்று இருக்கும், அது எபிரெய மூலத்தின்படி. அதே வசனத்தை இந்த நிருபம் பத்தாம் அதிகாரத்தில் எடுத்தாளும்போது 'ஒரு சரீரத்தை எனக்கு ஆயத்தம்பண்ணினீர்' என்கிறது, அது பழைய கிரேக்க மொழிபெயர்ப்பின்படி. வாதம் முழுவதும் அந்தச் 'சரீரம்' என்ற சொல்லின்மேல்தான் நிற்கிறது. ஒன்பதாம் அதிகாரத்தில் உடன்படிக்கையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும் ஆக்கியோன் திடீரென்று மரணசாசனத்துக்குத் தாவுவது ஏன் என்று தமிழ் வாசகர் குழம்புவார். கிரேக்கத்தில் இரண்டுக்கும் ஒரே சொல், அவர் தாவவே இல்லை. மொழிபெயர்ப்பில் இப்படிப்பட்ட காரியம் அமையாது.

பிரிஸ்கில்லாளைப் பற்றி நீங்கள் எழுதிய வரியில் ஓர் ஏளனம் தெரிந்தது, அது வேண்டாம். 1900ஆம் ஆண்டில் ஹார்னாக் என்ற பெரிய ஜெர்மானிய வரலாற்றாசிரியர் முன்வைத்த கருத்து அது. தீமோத்தேயுவை அறிந்தவர், ரோமாபுரியோடு தொடர்புள்ளவர், அப்பொல்லோவுக்கே உபதேசித்தவர். அப்படிப்பட்ட ஒருவரின் பெயர் மட்டும் ஏன் காணாமல் போகவேண்டும் என்று அவர் கேட்டார். நல்ல கேள்வி. ஆனால் பதினோராம் அதிகாரத்தில், 'நான் விவரஞ்சொல்லவேண்டுமானால் காலம்போதாது' என்று ஆக்கியோன் தன்னைக் குறிப்பிடும் இடத்தில் கிரேக்க வினையெச்சம் ஆண்பால் விகுதியோடு நிற்கிறது. தமிழில் 'நான்' என்பவர் ஆணா பெண்ணா என்று சொல் காட்டிக்கொடுக்காது, அதனால் நம் வேதாகமத்தை மட்டும் வாசிப்பவருக்கு இந்தத் தடை கண்ணில் படுவதே இல்லை. பர்னபா என்றவர் தெர்த்துல்லியன். அப்பொல்லோ என்றவர் பதினாறாம் நூற்றாண்டின் சீர்திருத்தவாதி லூத்தர். பின்னது அழகான ஊகம், ஆனால் அதற்குப் பழைய சாட்சி ஒன்றும் இல்லை. இவ்வளவு போதும் இந்தப் பெயர்களைப் பற்றி.

இனி நோட்டுப்புத்தகம். என் தாத்தா நெல்லைச் சீமையில் ஒரு சிறு கிராமத்துச் சபையில் உபதேசியாராக இருந்தவர். கிரேக்கம் தெரியாது, ஆங்கிலம் தபால் முகவரி வாசிக்கும் அளவுக்குத் தெரியும். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் என்ன வாசித்தார், எதைப் பேசினார் என்று குறித்துவைக்கும் பழக்கம் அவருக்கு உண்டு. அந்த நோட்டின் கடைசிப் பக்கத்தில் புதிய ஏற்பாட்டின் 27 நூல்களுக்கும் ஓர் அட்டவணை போட்டிருந்தார். இடப்பக்கம் நூலின் பெயர், வலப்பக்கம் ஆக்கியோன். ரோமர் முதல் பிலேமோன் வரை நீண்ட ஓர் அடைப்பு வளைவை இழுத்து, அதன் நுனியில் 'பவுல் – 13' என்று எழுதியிருந்தார். அதன் கீழே 'எபிரெயர்' தனியாக நின்றது. அதன் வலப்பக்கம் வெறுமையாக இருந்தது.

எனக்கு அப்போது பதினோரு வயது. ஓய்வுநாள் பள்ளித் தேர்வில் இதே கேள்விக்குப் 'பவுல்' என்று எழுதி முழு மதிப்பெண் வாங்கியிருந்தேன். தாத்தா மறந்துவிட்டார் என்று நினைத்து, பென்சிலை எடுத்து அந்த வெற்றிடத்தில் 'பவுல்' என்று எழுதி, மேலே இருந்த 13ஐ அடித்து 14 ஆக்கினேன். அவருக்கு உதவி செய்த பெருமையோடு கொண்டுபோய்க் காட்டவும் செய்தேன். என்னை அதுவரை அதட்டியறியாத மனிதர், "யாரக் கேட்டுல எழுதுன?" என்றார். நான் தேர்வைச் சொன்னேன், மதிப்பெண்ணைச் சொன்னேன். "மார்க்கு ஒனக்கு. நோட்டு என்னுது" என்றார்.

பிறகு வேதாகமத்தை என் மடியில் வைத்து எபிரெயர் இரண்டாம் அதிகாரம் மூன்றாம் வசனத்தை வாசிக்கச் சொன்னார். இரட்சிப்பு முதலாவது கர்த்தர் மூலமாய் அறிவிக்கப்பட்டு, பின்பு அவரிடத்தில் கேட்டவர்களாலே நமக்கு உறுதியாக்கப்பட்டது என்று அங்கே இருக்கிறது. அதை முடித்ததும், பவுல் தம் சுவிசேஷத்தைப் பற்றிச் சொல்லும் கலாத்தியர் முதல் அதிகாரம் பன்னிரண்டாம் வசனம்: 'நான் அதை ஒரு மனுஷனால் பெற்றதுமில்லை, மனுஷனால் கற்றதுமில்லை'. "ரெண்டும் ஒரே ஆள் பேச்சா?" என்று கேட்டார். நான் விழித்தேன். அவர் ரப்பரை எடுத்து என் பென்சில் எழுத்தை அழித்தார்.

கிரேக்கம் அறியாத ஓர் உபதேசியார் தமிழ் வேதாகமத்தின் இரண்டு பக்கங்களை மாறிமாறித் திருப்பிக் கண்டுகொண்ட அந்த முரணைத்தான், 1522இல் ஜெர்மன் புதிய ஏற்பாட்டுக்கு முன்னுரை எழுதிய லூத்தரும் பின்னர் இந்த நிருபத்துக்கு விளக்கவுரை எழுதிய சீர்திருத்தவாதி கால்வினும் பவுல் இதன் ஆக்கியோன் அல்ல என்பதற்குத் தங்கள் காரணமாகக் காட்டினார்கள் என்பதை நான் அறிந்தபோது எனக்கு நாற்பது வயது கடந்திருந்தது, தாத்தா இறந்து வெகுகாலம் ஆகியிருந்தது. பவுலின் கட்சியார் இதற்கும் விடை வைத்திருக்கிறார்கள்: 'நமக்கு' என்பது வாசகரோடு தன்னையும் சேர்த்துக்கொள்ளும் பணிவுச் சொல் என்பார்கள். அப்படியும் இருக்கலாம். ஆனால் மற்ற எல்லாவற்றிலும் தம்மைத் தாழ்த்திக்கொள்ளத் தயங்காத பவுல், இந்த ஒரு விஷயத்தில் மட்டும் யாருக்கும் பணிந்ததே இல்லை என்பதைக் கலாத்தியரை வாசித்த எவரும் அறிவர்.

நான் உங்களிடம் பேச விரும்புவது அந்த வெற்றிடத்தைப் பற்றி, அந்த 13ஐப் பற்றி. லூத்தரின் 1522 பதிப்பின் பொருளடக்கத்தைப் பாருங்கள். 23 நூல்களுக்கு வரிசை எண் உண்டு. பிறகு ஓர் இடைவெளி விட்டு, எண் இல்லாமல் நான்கு நூல்கள் நிற்கின்றன. அவற்றில் முதலாவது எபிரெயர். அவருக்குப் பதினோரு நூற்றாண்டுகளுக்கு முன், 397இல் வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜில் கூடிய ஆயர்கள் வேதநூல்களின் பட்டியலை எழுதும்போது, பவுலின் நிருபங்கள் பதின்மூன்று, அவரே எபிரெயருக்கு எழுதியது ஒன்று என்று எழுதினார்கள். பதினான்கு என்று எழுத அவர்களுக்குக் கூட்டல் தெரியாதா? அவர் எழுதியதுதான் என்று அதே மூச்சில் சொல்கிறார்கள், ஆனால் எண்ணும்போது சேர்க்க அவர்கள் கை வரவில்லை. சபைகள் தீர்மானம் எழுதும்போது மனத்தை மறைத்துக்கொள்வது வழக்கம். இந்தத் தீர்மானத்தில் மனம் கணக்கின் வழியாக வெளியே தெரிந்துவிட்டது. 419இல் அதே கார்த்தேஜில் மறுபடியும் கூடியபோது அது பதினான்கு ஆகிவிட்டது. 1546இல் கத்தோலிக்கரின் திரெந்துப் பொதுச்சங்கமும் பதினான்கு என்றே எழுதியது. 1611இன் ஆங்கில வேதாகமம் தலைப்பிலேயே அப்போஸ்தலனாகிய பவுலின் பெயரைப் போட்டுவிட்டது. ஒரு பட்டியலில் தையல் தெரிந்த இடத்தைப் பிறகு வந்தவர்கள் இழைத்துச் சமப்படுத்தினார்கள், நான் பென்சிலால் செய்ததைப் போலவே.

அந்தத் தையல் எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லவேண்டும், ஏனெனில் இங்கேதான் உங்கள் மூத்தவரின் பக்கம் நான் கொஞ்சம் நகர்ந்து உட்காருகிறேன். இந்த நிருபத்தை முதன்முதலில் எடுத்தாண்டதாக நமக்குத் தெரியும் ஊர் ரோமாபுரி. முதல் நூற்றாண்டின் இறுதியில் அங்கிருந்து கொரிந்துவுக்குப் போன கடிதம், ரோமாபுரியின் கிலெமெந்து என்ற வேறொருவருடையது என்று சொல்லப்படுவது, இதன் வரிகளை எடுத்தாள்கிறது, ஆனால் யாருடையவை என்று சொல்வதில்லை. அதே ரோமாபுரிதான் இதைப் பவுலுடையது என்று ஏற்க நெடுங்காலம் மறுத்த ஊர். மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே காயு என்பவர் பவுலின் நிருபங்களைப் பதின்மூன்றாகவே எண்ணினார் என்று ஆதிச்சபையின் வரலாற்றை எழுதிய யூசேபியஸ் குறிக்கிறார். மறுமுறை மனந்திரும்ப இடமில்லை என்பதுபோல் ஒலிக்கும் ஆறாம் அதிகாரம், விசுவாசத்தை விட்டு விழுந்தவர்களைத் திரும்பச் சேர்ப்பதா என்று சபைகள் தவித்த நாட்களில், கடுமை பேசியவர்களின் கையில் ஆயுதமானதும் மேற்கின் தயக்கத்துக்கு ஒரு காரணம்.

கிழக்கில் நிலைமை வேறு. சுமார் கி.பி. 200ஐச் சேர்ந்த பாப்பிரஸ் ஏடு ஒன்றின் பெரும்பகுதி இன்று டப்ளினிலும் மிச்சிகனிலுமாகப் பிரிந்து கிடக்கிறது. பவுலின் நிருபங்கள் அடங்கிய மிகப் பழைய தொகுப்பு அது. அதில் எபிரெயர் ரோமருக்கு அடுத்தபடியாக, கொரிந்தியருக்கு முன்னால் நிற்கிறது. எகிப்தின் கிறிஸ்தவர்களுக்குச் சந்தேகம் இல்லாமல் இல்லை. பெயர் ஏன் இல்லை என்று கேட்டார்கள், பதிலும் தேடினார்கள். யூதர்கள் தம்மைச் சந்தேகித்ததால் பவுல் பெயரைப் போடவில்லை என்றார் அலெக்சந்திரியாவின் கிலெமெந்து. இந்தியா வரை வந்துபோனதாக யூசேபியஸ் கூறும் அவருடைய ஆசிரியர் பந்தேனுஸ், கர்த்தரையே 'அப்போஸ்தலர்' என்று மூன்றாம் அதிகாரம் அழைப்பதால் பவுல் அடக்கமாகத் தம் பெயரை விட்டுவிட்டார் என்று கருதியிருக்கிறார். எனக்கு இரண்டும் நம்பத்தக்கவையாகத் தெரியவில்லை. ஆனால் பவுல் என்ற அந்தப் பெயர்ச்சீட்டு இல்லாமல் போயிருந்தால் இந்த நிருபம் அந்த ஏட்டுக்குள் ஏறியிருக்குமா? கொரிந்துவுக்குப் போன அந்த ரோமக் கடிதமும், பர்னபாவின் பெயரால் வழங்கும் நிருபமும் பெரிய வேதாகமச் சுவடிகளின் கடைசி ஏடுகள் வரை வந்து, பட்டியல் முடிவானபோது வெளியே நின்றுவிட்டன. இதுவும் அவற்றோடு நின்றிருக்கும் என்பது என் எண்ணம். தவறான பெயர் ஒன்று ஒரு நல்ல நூலைத் தோளில் சுமந்து ஆற்றைக் கடத்திவிட்டது. அந்தப் பெயரைப் பற்றிக்கொண்டிருக்கும் உங்கள் மூத்தவரைப் பழிக்க எனக்கு மனம் வரவில்லை.

இதையெல்லாம் அறிந்த ஒருவர் இருந்தார். மூன்றாம் நூற்றாண்டின் வேத அறிஞர் ஓரிஜென். 'நிருபத்தை எழுதினவர் யார் என்ற உண்மை தேவனுக்குத்தான் தெரியும்' என்ற அவருடைய வாக்கியத்தை உங்கள் காணொளிகளில் குறைந்தது மூன்று முறை கேட்டிருப்பீர்கள். அது முழுப் பத்தி அல்ல என்பதை எவரும் சொல்லியிருக்க மாட்டார்கள். இந்த நிருபத்தின்மேல் அவர் ஆற்றிய பிரசங்கங்கள் தொலைந்துவிட்டன. யூசேபியஸ் எடுத்துவைத்த சில வரிகள்தான் நமக்குக் கிடைத்திருக்கின்றன. அவற்றில் ஓரிஜென் சொல்வது இது: நடையில் அப்போஸ்தலராகிய பவுலின் கரடுமுரடு இல்லை, கிரேக்கம் மெருகேறியது, நடை வேறுபாடு அறிந்த எவரும் இதை ஒப்புக்கொள்வார். கருத்துகளோ வியக்கத்தக்கவை, அப்போஸ்தலரின் எழுத்துகளுக்குக் குறைந்தவை அல்ல. ஆகவே கருத்து அப்போஸ்தலருடையது, சொல்லமைப்பு அவருடைய போதனையை நினைவில் வைத்திருந்த வேறொருவருடையது. ஒரு சபை இதைப் பவுலுடையது என்று கொண்டால் அதற்காக அந்தச் சபையைப் பாராட்டலாம், முன்னோர் காரணமில்லாமல் அப்படிக் கையளிக்கவில்லை. இவ்வளவுக்கும் பிறகுதான் 'தேவனுக்குத்தான் தெரியும்' வருகிறது.

'எழுதினவர்' என்று அவர் ஆளும் கிரேக்கச் சொற்கள் எவை என்று பாருங்கள். ரோமர் கடைசி அதிகாரத்தில், 'இந்த நிருபத்தை எழுதின தெர்தியு என்னும் நான்' என்று ஒரு குரல் குறுக்கே வந்து வாழ்த்துச் சொல்கிறது அல்லவா, அந்த 'நிருபத்தை எழுதின' என்பதும் ஓரிஜெனின் சொற்களும் ஒன்றே. தெர்தியு ரோமரின் ஆக்கியோன் அல்ல. பவுல் சொல்லச் சொல்ல எழுதியவர். ஆகவே ஓரிஜென் கேட்டது, இதன் பவுல் யார் என்பதாக இல்லாமல், இதன் தெர்தியு யார் என்பதாக இருக்கலாம். இந்த இருபொருளைத் தமிழர் உடனே உணரலாம், ஏனெனில் நமக்கும் இயற்றியவன் எழுதினவன், சொல்லக் கேட்டுத் தாளில் பதித்தவனும் எழுதினவன். இதனால்தான் நம் பிரசங்கிகள் 'எபிரெய ஆக்கியோன்' என்ற சொல்லை வழங்கத் தொடங்கியது எனக்குப் பிடித்திருக்கிறது. பெயர் தெரியாத புலவரை அவருடைய பாட்டின் சொற்றொடராலேயே செம்புலப்பெயனீரார் என்று அழைத்த தொகுப்பாளரின் நேர்மை அதில் இருக்கிறது. கத்தோலிக்க ஆலயத்தில் வாசகம் படிப்பவர் பவுலின் நிருபங்களை 'திருத்தூதர் பவுல் எழுதிய' என்று தொடங்குவார். பெரிய வெள்ளியன்று இந்நூலுக்கு வரும்போது 'எபிரேயருக்கு எழுதப்பட்ட திருமுகத்திலிருந்து வாசகம்' என்பார். எழுவாயை விழுங்கிவிடும் செயப்பாட்டு வினையை நான் பொதுவாக வெறுப்பவன். அந்த ஓரிடத்தில் மட்டும் அது தன் வேலையைச் சரியாகச் செய்கிறது.

ஓரிஜெனுக்குத் தெரியாது என்பதல்ல விஷயம். எது தெரியும், எது வரை தெரியும், எந்த இடத்திலிருந்து தெரியாது என்று கோடு போட்டு, கோட்டுக்கு அப்பால் வெறுமையாக விட்டார். நீங்கள் 'பவுல் இல்லை' என்று சொன்னதற்கும் இதற்கும் உள்ள தூரத்தைக் கவனியுங்கள். யாருடையதாக இருந்தால் என்ன, சபையைச் சேர்ந்த ஒருவருடையது, நாள்தோறும் வாசிக்கப்படுகிறது என்று 414இல் ஒரு கடிதத்தில், வேதாகமத்தை லத்தீனில் பெயர்த்த ஜெரோம் எழுதினார். எல்லோரும் ஜெரோமைப் பெருந்தன்மைக்காரர் என்பார்கள். எனக்கு அவர் கையை உதறிவிட்டுப் போனதாகவே தோன்றுகிறது. 'யாராக இருந்தால் என்ன' என்பதற்கும் 'இன்னாரென்று தெரியவில்லை' என்பதற்கும் வேற்றுமை உண்டு. தாத்தா அந்த இடத்தில் ஒரு கோடு கிழித்துவிட்டுப் போயிருக்கலாம், 'யாரோ' என்று எழுதியிருக்கலாம், செய்யவில்லை.

அவர் இந்த நிருபத்தை வாசித்துக் கேட்டிருக்க வேண்டும் நீங்கள். 'பூர்வகாலங்களில் பங்குபங்காகவும் வகைவகையாகவும்' என்று தொடங்கி, 'பிதாக்களுக்கு' என்ற சொல்லில் உதடுகளை அழுத்தி நிறுத்துவார். கிரேக்கத்திலும் அந்த முதல் வாக்கியம் பகரத்தில் தொடங்கும் ஐந்து சொற்களை அடுக்கி வருகிறது: பொலுமெரோஸ், பொலுத்ரொப்போஸ், பலாய் என்று. மோனையைத் தமிழாக்கியவர் அறிந்து வைத்தாரா, அது தானாக வந்து விழுந்ததா, நானறியேன். ஆனால் அந்த ஓசைக்குப் பழகிய காதுக்கு, ரோமரையும் கலாத்தியரையும் மூச்சு வாங்க எழுதிய மனிதர் இவரல்ல என்று தெரிந்துவிடும்.

கடிந்துகொள்ளப்பட்டது உங்களை வாட்டுகிறது என்பதால் ஒன்று சொல்கிறேன். வத்திக்கான் நூலகத்தில் நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த புகழ்பெற்ற வேதாகமச் சுவடி இருக்கிறது. அதில் இந்த நிருபத்தின் முதல் அதிகாரம் மூன்றாம் வசனத்தில், குமாரன் சர்வத்தையும் 'தாங்குகிறவர்' என்று நாம் வாசிக்கும் இடத்தில், முதலில் எழுதியவர் 'வெளிப்படுத்துகிறவர்' என்ற பொருள்படும் சொல்லை எழுதியிருந்தார். பின்னால் ஒருவர் அதைத் திருத்தினார். பல நூற்றாண்டுகளுக்குப் பிறகு வந்த மூன்றாமவர் திருத்தத்தை அழித்துப் பழையதை மீட்டு, ஓரத்தில் எழுதினார்: அறிவிலியே, கயவனே, பழையதை விட்டுவை, மாற்றாதே! மறுபடி மறுபடி வாசித்துச் சிரித்திருக்கிறேன், ஏனெனில் திருத்தியவர் சொன்னதுதான் சரி. மற்றச் சுவடிகள் ஏறக்குறைய எல்லாவற்றிலும் 'தாங்குகிறவர்' என்றே இருக்கிறது. அவ்வளவு கோபத்தோடு அவர் காத்து நின்றது ஓர் எழுத்துப்பிழையை. ஆனால் அவருடைய கோபம் இல்லாமல் போயிருந்தால் முதல் கை எழுதியது என்ன என்று அந்தப் பக்கத்தில் நாம் இவ்வளவு தெளிவாகப் பார்த்திருக்க முடியாது.

கூட்டத்துக்குப் போவதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். போங்கள். போகுமுன் நிருபத்தை ஒரே அமர்வில், சத்தம்போட்டு வாசியுங்கள். அங்கே அறிஞர்களின் பெயரைச் சொல்லாதீர்கள்; என் பெயரையும் சொல்லாதீர்கள். இரண்டாம் அதிகாரம் வரும்போது மூன்றாம் வசனத்தையும், பிறகு கலாத்தியர் முதல் அதிகாரம் பன்னிரண்டாம் வசனத்தையும் வாசிக்கும்படி அந்த மூத்தவரையே கேட்டுக்கொள்ளுங்கள். அவர் குரலில் வாசிக்கட்டும். வாசித்து முடித்ததும் நீங்கள் ஒன்றும் பேசாமல் இருங்கள், அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.

தாத்தாவின் ரப்பர் மட்டமானது. வெளிச்சத்துக்கு எதிராகப் பக்கத்தைச் சாய்த்துப் பிடித்தால் என் பென்சில் அழுந்திய தடம் இப்போதும் தெரிகிறது, 14இன் குறுக்குக்கோடு உட்பட.

அன்புடன்.